பிரவேசப் பரீட்சையும் ஆங்கில இலக்கணப் பயிற்சியும்

ஒரு மொழியைக் கற்றல் வேறு. அம்மொழியிற் பரீட்சைக்கென்று பயிலுதல் வேறு. முன்னதற்கு எல்லையாவன அம்மொழி பேசும் மக்களின் வழக்கும் அவர்தம் நூல்களுமாம். பின்னதற்கு எல்லை வினாத்தாளே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் இந்தியாவிலும் ஈழத்திலும் பல்கலைக்கழகக் கல்வியை நாடிய இளைஞர், ஆங்கில இலக்கணம் என்னும் வாயிலைக் கடந்தே உட்புகவேண்டியவராயினர். அவ்வாயில் எவ்வாறு அமைந்தது, அதனைக் கடத்தற்கு அவர் மேற்கொண்ட பயிற்சி எத்தன்மையது, அப்பயிற்சியால் விளைந்த நன்மையுந் தீமையும் யாவை என்பவற்றை ஆராய்தல் வரலாறு கற்போர்க்கு மாத்திரமன்றி மொழி கற்பிப்போர்க்கும் பயன்படுவதாகும்.

பாடசாலைகளிற் கற்பிக்கப்பட்ட ஆங்கில இலக்கணம் ஆங்கில மொழியின் இயல்பினின்றும் நேரே தோன்றியதன்று. இலத்தீன் இலக்கணத்தின் நிழலில் வளர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், வில்லியம் லிலியின் பெயரால் வழங்கிய இலத்தீன் இலக்கணம் அரச ஆணையால் இங்கிலாந்துப் பாடசாலைகளுக்குப் பொதுநூலாக்கப்பட்டது. அந்நாளில் இலக்கணம் என்ற சொல்லே இலத்தீன் இலக்கணத்தைக் குறித்தது. 1762ஆம் ஆண்டில் றொபேட் லோத் என்பார் ஆங்கிலத்துக்கு ஒரு சிறு இலக்கண நூலை வெளியிட்டார். இவர் பின்னர் 1777இல் இலண்டன் மேற்றிராணியார் ஆயினார். வாக்கியத்தின் இறுதியில் 'வித்', 'டு' முதலிய முன்னிடைச் சொற்கள் வந்து நிற்றல் பேச்சு வழக்குக்கு ஏற்றதே என்றும், உயர்ந்த நடைக்கு அவற்றை முன்னே அமைத்தலே சிறந்ததென்றும் அவர் கருதினார். நடைபற்றிய இவ்வேறுபாட்டைப் பின்வந்த பாடநூலாசிரியர் பலர் மறந்து, அவ்வாறு எழுதுதல் பிழையென்றே விதித்துவிட்டனர். அறிஞர் ஒருவரின் அறிவுரை பாடசாலையில் விதியாகவும், பரீட்சையில் தண்டனையாகவும் மாறியவாற்றை இவ்வொரு செய்தியே நன்கு விளக்கும்.

லோத்தின் வழிவந்து பெரும்புகழ் எய்தியவர் லிண்ட்லி மரே. இவர் அமெரிக்காவிற் பிறந்து, நியூயோக் நகரிற் சட்டத்தொழில் புரிந்து, 1784இல் இங்கிலாந்துக்குச் சென்று யோக் நகரின் அருகே வாழ்ந்தவர். குவேக்கர் சமயத்தார் நடாத்திய பெண்பாடசாலையொன்றன் ஆசிரியைகள் வேண்டிக்கொள்ள, 1795இல் தம் ஆங்கில இலக்கணத்தை வெளியிட்டார். இரண்டாண்டு கழித்து 1797இற் பயிற்சிநூல் ஒன்றையும், அதற்கு விடைகூறுந் திறவுகோல் ஒன்றையும் வெளியிட்டார். அப்பயிற்சிநூலிற் பிழைபட அமைந்த வாக்கியங்கள் வரிசை வரிசையாகக் கொடுக்கப்பட்டிருந்தன. மாணாக்கர் அவற்றின் வழுக்களைக் கண்டு திருத்தல்வேண்டும். பின்னாளிற் பரீட்சைக்குப் படித்த ஒவ்வொருவரும் பழகிய 'வாக்கியங்களைத் திருத்துக' என்னும் வினாவின் பழைய வடிவத்தை இந்நூலிற் காணலாம். பயிற்சிநூலுந் திறவுகோலும் ஒரே ஆண்டிற் பிறந்தமை கருதத்தக்கது. பின்னர் நேர்ந்த தீங்குகள் பலவற்றுக்குந் திறவுகோல்களே துணைநின்றன.

இவ்விலக்கணமுறை கடல்கடந்து வந்த காலத்தில் அதனை முதலில் ஆழ்ந்து பயின்ற ஈழத்துத் தமிழர், பரீட்சை எதனையும் நோக்கி அதனைக் கற்றாரல்லர். அமெரிக்க மிசனறிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினர். அதன் முதல் அதிபர் டானியல் பூவர் ஆவர். அங்கே ஆங்கிலமுந் தமிழும், கணிதம், வானசாத்திரம் முதலியனவும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. அக்காலத்துப் பிள்ளைகள் பலர் திண்ணைப் பள்ளிகளில் நிகண்டும் நன்னூலும் ஓதியவராதலின், சொற்களைக் கூறுபடுத்தி இலக்கணங் கூறும் முறை அவர்க்குப் புதிதன்று. பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்பாகப் பிரித்தறிந்த மாணவனுக்கு, ஆங்கிலச் சொல்லொன்றன் வகை, எண், பால், வேற்றுமை என்பவற்றைக் கூறுதல் அரிதாயிராது. தாய்மொழி இலக்கண அறிவே பிறமொழி இலக்கணத்துக்கு ஏணியாயிற்று.

1855இல் அச்செமினரி மூடப்பட்டது. அங்கே ஆங்கிலங் கற்றோர் சமயப்பணிக்குச் செல்லாது அரசாங்க உத்தியோகங்களை நாடிச் சென்றமை அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்றாகும். ஆயினும் அதன் பயன் விரைவிலேயே புலனாயிற்று. 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையிற் கற்றவர்களே. விசுவநாதபிள்ளை தமிழில் பீசகணித நூல் இயற்றியவர். தாமோதரம்பிள்ளை சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடந் தமிழிலக்கணம் பயின்றவர். பின்னாளில் வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றை ஏட்டுச் சுவடிகளினின்றும் அச்சேற்றியவர். ஆங்கிலப் பரீட்சையில் முதல்வராய் நின்றவரே தமிழிலக்கண நூல்களின் மீட்பிலும் முதல்வராய் நின்றாரென்பது தற்செயலாய் நிகழ்ந்ததெனத் தள்ளத்தக்கதன்று. பாடபேதங்களை ஒப்புநோக்கி வழுவையுந் திருத்தத்தையும் வேறுபடுத்தும் பொறுமை இரண்டுக்கும் பொதுவாகும்.

இனிப் பரீட்சையின் வரலாற்றை நோக்குவோம். 1854ஆம் ஆண்டின் வூட் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் 1857இற் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவை இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, கற்பித்தலை இணைந்த கல்லூரிகளுக்கு விட்டுப் பரீட்சித்தலைத் தம் தொழிலாகக் கொண்டன. கல்கத்தாவின் முதலாவது பிரவேசப் பரீட்சை 1857ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நடைபெற்றது. அதற்குத் தோற்றியோர் 244 பேர். தொடக்கத்தில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தது. பூமிசாத்திரம், சரித்திரம், கணிதம் முதலியவற்றுக்கு மாணவர் தத்தந் தாய்மொழியில் விடையெழுத இடமுமிருந்தது. ஆயின் 1861-62 அளவில், வேறுவகையாக விதிக்கப்பட்டாலன்றி எல்லாப் பாடங்களுக்கும் ஆங்கிலத்திலேயே விடையெழுதுதல்வேண்டும் என்ற விதி ஏற்பட்டது.

சிறிதெனத் தோன்றும் இவ்விதி கல்வியின் போக்கையே மாற்றியது. அதுகாறும் ஆங்கிலப் பாடத்தில் மாணவனின் ஆங்கிலம் அளக்கப்பட்டது. இனிச் சரித்திரத்திலும் பூமிசாத்திரத்திலும் அவன் ஆங்கிலமே அளக்கப்படலாயிற்று. பரீட்சையிற் கேட்கப்படாத மொழியிற் பாடங் கற்பித்தல் வீண்வேலையெனப் பாடசாலைகள் கருதின. அதனால் உயர்பாடசாலைகள் மேல்வகுப்புகளிலும், பின்னர் நடுவகுப்புகளிலும் ஆங்கிலத்தைப் போதனாமொழியாக்கின. ஒரு வினாத்தாளின் மொழி, அதற்குப் பல்லாண்டு முன்னே பயிலும் சிறுவனின் வகுப்பறையை ஆட்சிசெய்தது.

பரீட்சைக்கு இலக்கணம் பயின்ற முறையைச் சிறிது காண்போம். வினாக்கள் பெரும்பாலும் ஐந்தாறு வகையின. சொற்களுக்கு இலக்கணங் கூறுதல், வாக்கியத்தை எழுவாய் பயனிலை முதலிய உறுப்புகளாகப் பிரித்தல், செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கல், நேர்கூற்றை அயற்கூற்றாக்கல், மரபுத்தொடர்களை வாக்கியத்தில் அமைத்தல், பிழை திருத்தல் என்பன அவை. வட இந்தியாவிற் கல்விப்பகுதித் தலைவராயிருந்த ஜே. சி. நெஸ்பீல்ட் 1890களில் வெளியிட்ட இலக்கணநூல் வரிசை இத்தேவையை நன்கு நிறைவேற்றியது. இருபதாம் நூற்றாண்டில் அவ்விடத்தை ரென் என்பாரும் மார்ட்டின் என்பாரும் எழுதிய உயர்பாடசாலை இலக்கணநூல் பெற்றது. இவருள் ரென் பம்பாயிற் கல்விப்பகுதியிற் பணிபுரிந்தவர், புகழ்பெற்ற புதினங்களும் எழுதியவர். இந்நூல்களின் உதவியால் ஆசிரியரில்லாத மாணவனும் தானே முயன்று ஓரளவு முன்னேற இயன்றது. இஃது அவற்றின் நன்மை எனல் வேண்டும்.

ஆயினும் தமிழ் மாணவன் எவ்விடங்களில் இடர்ப்படுவான் என்பதை அந்நூல்கள் அறிந்தில. 'எ', 'தி' என்று பெயர்க்குமுன் வருஞ் சிறுசொற்களுக்கு நேரானவை தமிழிலில்லை. ஆதலின் 'ஹீ இஸ் டீச்சர்' என்று எழுதுதல் அவனுக்கு இயல்பு. தமிழில் வேற்றுமையுருபு பெயருக்குப் பின்னே ஒட்டிநிற்க, ஆங்கிலத்தில் அதன் தொழிலைச் செய்யுஞ் சொல் பெயருக்கு முன்னே தனித்து நிற்கின்றது; அன்றியும் ஒரே உருபுக்கு இடத்திற்கேற்ப 'இன்', 'ஒன்', 'அட்' எனப் பல சொற்கள் நேராகின்றன. 'நேற்று வந்த மாணவன்' என்று பெயரெச்சத்தால் முன்னே கூறுவதை ஆங்கிலத்தில் 'ஹூ' என்னுஞ் சொல்லால் தொடுத்துப் பின்னே கூறவேண்டும். 'நேற்று அவனைக் கண்டிருக்கிறேன்' என்று தமிழிற் கூறுதல் இயலுமாதலின், 'ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்று எழுதிய மாணவன் தன் பிழையை உணரான்; 'யெஸ்டர்டே' என முடிந்த காலத்தைச் சுட்டியவிடத்து 'ஐ சோ ஹிம்' என்பதே ஆங்கில மரபு. இவ்விடர்களை இரு மொழிகளையும் ஒப்பிட்டு விளக்கிய ஆசிரியரிடம் கற்றோர் காரணம் உணர்ந்து கற்றனர். மற்றையோர் திருத்திய வாக்கியத்தை மனனஞ் செய்தனர். வினாத்தாளில் வாக்கியம் சிறிது மாறிவரின் திகைத்தனர்.

மனனத்தின் கேடு விரைவில் அரசினரின் கவனத்துக்கும் எட்டியது. கேர்சன் பிரபு 1902இல் நியமித்த பல்கலைக்கழக ஆணைக்குழு, பிரவேசப் பரீட்சையிற் சித்தியெய்திக் கல்லூரியிற் புகுந்தோர் பலர் ஆங்கில விரிவுரைகளை விளங்கிக்கொள்ள இயலாதிருந்தனரெனக் கண்டது. விதிக்கப்பட்ட ஆங்கிலப் பாடநூலை மாணவர் வாசியாது, அதன் திறவுகோலையே உருப்போட்டனர் என்பதும் புலனாயிற்று. ஆதலாற் பிரவேசப் பரீட்சையில் ஆங்கிலத்துக்குப் பாடநூல் விதித்தலையே கைவிடல்வேண்டும் என அக்குழு விதந்துரைத்தது. 1904இற் பல்கலைக்கழகச் சட்டம் இயற்றப்பட்டது. புதிய விதிகளின்கீழ்க் கல்கத்தாவின் பிரவேசப் பரீட்சை மற்றிக்குலேசன் என்னும் பெயர்பெற்றது. பெயர் மாறியும் நோய் மாறவில்லை. 1917 தொடக்கம் 1919 வரை ஆராய்ந்த சட்லர் ஆணைக்குழு, உயர்பாடசாலைகளிற் பெரும்பாலான பாடங்களைத் தாய்மொழியிற் கற்பித்தல்வேண்டுமெனக் கூறும் நிலை ஏற்பட்டது. 1861-62இன் விதியால் நேர்ந்ததை உணர்தற்கு அரை நூற்றாண்டுக்குமேற் சென்றது.

ஈழத்திலும் இதே வரலாறு சிறு வேறுபாடுகளுடன் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் சில ஒரு காலத்திற் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தன. கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் 1880இல் இலங்கையிற் புகுந்தன. 1858ஆம் ஆண்டின் பட்டயத்தாற் புறநிலை மாணவர்க்கும் வாயில் திறந்த இலண்டன் பல்கலைக்கழகத்தின் மற்றிக்குலேசன் பரீட்சையும் பிற்பாடு இங்குச் செல்வாக்குப் பெற்றது. 1921இற் கொழும்பில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியும் இலண்டன் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தப்படுத்தியது. ஆறுமுகநாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபின், சைவப்பிள்ளைகள் ஆங்கிலங் கற்றற்பொருட்டு 1872இல் ஒரு பாடசாலையுந் தொடங்கினார். அது நிலைக்கவில்லை. அவர் எண்ணம் 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபையால் 1890இல் யாழ்ப்பாணம் இந்துக்கல்லூரியாக உருப்பெற்றது. ஆங்கிலமும் வேண்டும், அதன்பொருட்டுச் சமயத்தையுந் தமிழையும் இழத்தலும் ஆகாது என்பதே இம்முயற்சிகளின் கருத்து. நாவலர் இலக்கணச் சுருக்கத்தையும் இலக்கண வினாவிடையையும் பாடசாலைப் பிள்ளைகளுக்கென எளிய வசனநடையில் எழுதியமையை இதனோடு இணைத்து நோக்கல் தகும்.

இவ்வாயிலின் உட்புகுந்தோர் உயர்ந்தனர்; புறத்தே நின்றோரின் தொகையோ மிகப்பெரிது. ஆங்கிலப் பாடசாலைகள் கட்டணம் வாங்கின. சுயபாஷைப் பாடசாலைகளில் இலவசமாகக் கற்ற பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தின் வாயில் அடைபட்டிருந்தது. அவனுக்கு அறிவில்லையென எவரும் நிறுவவில்லை. அறிவைக் காட்டுதற்குரிய மொழி அவனுக்குக் கொடுக்கப்படவில்லை. அறிவும் ஆங்கிலமும் ஒன்றல்ல என்பதை மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே தமிழில் மேனாட்டு வைத்தியங் கற்பித்துக் காட்டியிருந்தார். எனினும் அவர் வழி பரீட்சைகளின் வழியாகவில்லை. சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா தலைமையிற் கூடிய விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்து, 1945இல் இலவசக்கல்வி நடைமுறைக்கு வந்தது. தாய்மொழி படிப்படியாகப் போதனாமொழியாகி, 1960ஆம் ஆண்டளவிற் பல்கலைக்கழகத்தின் கலைப்பகுதியிலும் புகுந்தது. அவ்வாறு ஒரு வாயில் திறந்தபோது மற்றொரு குறை தோன்றியது: வடிகட்டி என வெறுக்கப்பட்ட ஆங்கிலம் பல பாடசாலைகளிற் பயிற்சியும் ஊக்கமுங் குன்றிய பாடமாயிற்று. பரீட்சையின் தளையை நீக்கியோர், மொழியை வளர்க்கும் வழியை அதே அளவு ஊக்கத்துடன் வகுத்திலர்.

இவ்வரலாற்றைத் தமிழ் இலக்கணக் கண்கொண்டு நோக்கின் ஓர் உண்மை புலப்படும். நன்னூலார் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு எனும் ஏழிடத்தும் வழு நிகழுமென்பர். ஆயின் தமிழிலக்கண நெறி வழாநிலை, வழு என்ற இரண்டோடு நின்றுவிடவில்லை. வழுவமைதி என மூன்றாவதொன்றையும் வைத்தது. வளர்த்த பசுவை உவப்பினால் 'என் செல்வி வந்தாள்' என்றலும், இன்னும் வந்து சேராதவன் விரைவுபற்றி 'இதோ வந்துவிட்டேன்' என்றலும் விதியினின்றும் வழுவியனவாயினும் காரணம்பற்றி அமைத்துக்கொள்ளப்படும். மக்களின் வழக்கும், பேசுவோன் கருத்தும் விதியோடு ஒருங்கே மதிக்கப்பட்டன. பிரவேசப் பரீட்சையின் ஆங்கில இலக்கணம் முதலிரண்டையே அறிந்தது. லோத் பேச்சுநடைக்கு உடன்பட்டதைப் பாடநூல்கள் விலக்கியமை வழுவமைதியை மறந்தமையேயாகும். 1926இல் ஆங்கில வழக்குப்பற்றிய அகராதியை வெளியிட்ட எச். டபிள்யு. பவுலர், முன்னிடைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருதல் தவறென்னுங் கொள்கையை மூடநம்பிக்கையெனவே கொண்டார். ஆனால் அவர் அகராதி அறிஞர் மேசையிலிருந்தது. மாணவன் கையிலிருந்ததோ திறவுகோல்.

பரீட்சைகளும் மெல்ல மாறிவந்துள்ளன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் சேர விரும்பும் பிறமொழியாளர்க்கென 1964இல் தொடங்கிய டோபல் பரீட்சையில் வாக்கியத்தின் பிழையான பகுதியைச் சுட்டும் வினாக்கள் நெடுங்காலம் இடம்பெற்றன. 2005இல் அறிமுகமான புதிய வடிவத்தில் அத்தனிப்பகுதி நீக்கப்பட்டு, வாசித்தல், கேட்டல், பேசுதல், எழுதுதல் என்னும் நான்கு திறன்களே அளக்கப்படலாயின. மரே 1797இல் வகுத்த பயிற்சியின் தனியாட்சி அவ்வாயிலில் இரு நூற்றாண்டின்பின் முடிவுற்றதெனலாம். இலங்கையிற் க. பொ. த. உயர்தரத்திற் பொது ஆங்கிலம் ஒரு பாடமாக உள்ளது. ஆனால் அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்குரிய புள்ளிக் கணிப்பிற் சேர்வதில்லை. ஆதலின் மாணவர் பலர் அதனைப் புறக்கணித்து, பல்கலைக்கழகத்துள் ஆங்கில நூல்களைக் கண்டபின் வருந்துகின்றனர். புள்ளிக்காகவே கற்ற தலைமுறையும், புள்ளியில்லையெனக் கல்லாத தலைமுறையும் ஒரே பிழையின் இரு பக்கங்களாம். இரண்டும் வினாத்தாளையே மொழியின் எல்லையாகக் கொண்டன.

எனவே பரீட்சையின் பொருட்டு இலக்கணம் பயிலுதல் குற்றமன்று. வழுக்களைதல் நல்ல பயிற்சியே. அது சொல்லை உற்றுநோக்கும் பழக்கத்தைத் தரும். ஆனால் அப்பயிற்சி இரண்டு துணைகளை வேண்டிநிற்கும். ஒன்று, தாய்மொழி இலக்கணத்தில் தெளிவு. பெயரெச்சம் யாதென அறியாதவனுக்கு 'ஹூ' என்னுஞ் சொல்லின் தொழிலை விளக்குதல் அரிது. மற்றொன்று, திறவுகோலுக்கு அப்பால் நூல்களை வாசிக்கும் பழக்கம். வழக்கை அறியாதவன் வழுவையும் அறியான், வழுவமைதியையும் அறியான். இவ்விரண்டும் பெற்றிருந்தமையாலேயே தாமோதரம்பிள்ளை போன்றோர் பிரவேசப் பரீட்சையைத் தம் கல்வியின் முடிவாகக் கொள்ளாது தொடக்கமாகக் கொண்டனர். நம் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியருந் தமிழாசிரியரும் ஒருவர் வகுப்பில் மற்றவர் கற்பிப்பது யாதென அறிந்து கற்பிப்பாராயின், இருமொழியிலும் வல்ல மாணாக்கர் மீண்டுந் தோன்றுவர் என்பது திண்ணம்.